மணிலாக் கொட்டையும் மலபார் மக்களும்

திண்டிவனம் சந்தையிலே ‘நிலக்கடலை’ என்று கேட்டால் கிடைக்காமற் போகாது. ஆனால் அது அங்கே ஏட்டுப் பெயர். விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி வட்டாரத்து உழவர் நாவிலே வழங்கும் பெயர் மல்லாட்டை. மணிலாக் கொட்டை என்பது தேய்ந்து மல்லாக்கொட்டையாகி, மேலும் தேய்ந்து மல்லாட்டையாகி நின்றது. புன்செய் நிலமெங்கும் அதை விதைத்து, களையெடுத்து, பிடுங்கி, ஆய்ந்து, காயவைத்து, செக்குக்கும் ஆலைக்கும் அனுப்பி வாழும் மக்கள் அன்றாடம் உச்சரிக்கும் அந்தச் சொல்லுக்குள்ளே ஒரு மாநகரின் பெயர் ஒளிந்திருக்கிறது: மணிலா, பிலிப்பைன் தீவுகளின் தலைநகர். அது எந்தத் திசையிலே இருக்கிறது, எந்தக் கடலோரத்திலே இருக்கிறது, அந்த மக்கள் பேசும் மொழி யாது என்று கேட்டுப் பாருங்கள். வெயிலிலே காயும் உழவரைக் கேட்க வேண்டாம். பட்டம் பெற்று, மின்விசிறியின் கீழே அமர்ந்து, கோப்பு புரட்டுபவரைக் கேளுங்கள். பத்துப் பேரில் ஒருவர் தகலோகு மொழியின் பெயரைச் சொல்லிவிட்டால் பாராட்டி மாலையிடலாம்.

இதைச் சொல்லி நகைப்பது நம் நோக்கமன்று. பூகோளம் தெரியாமை, பள்ளித் தேர்விலே மதிப்பெண்ணைக் குறைக்கும் சிறு குறை என்றுதான் பலரும் கருதுகின்றனர். தென்னார்க்காட்டு மண்ணின் வரலாற்றைப் புரட்டினால் அது அவ்வளவு சிறியதாகத் தோன்றவில்லை. உலகம் நமக்குத் தெரியாமற் போனதால் நம் மக்கள் எங்கே போகிறோம் என்றறியாமலே கப்பலேறினர். நம்மை உலகுக்குத் தெரியாமற் போனதால், போய்ச் சேர்ந்த இடத்தில் அவர்கட்குத் தவறான பெயர் சூட்டப்பட்டது. அந்தப் பெயரே இன்றளவும் நிலைத்தது.

முதலில் கொட்டையின் கதையை முடித்துவிடுவோம். மணிலா அதற்குத் தாயகமன்று. தென் அமெரிக்காவிலே, இன்றைய பொலிவியா நாடும் அதனை ஒட்டிய வட அர்ஜென்டினாவும் அதன் பிறப்பிடம். 1492-இல் கொலம்பசு அமெரிக்கக் கரையைத் தொட்ட பிறகு, போர்த்துகேசியர் கப்பலேறி ஆப்பிரிக்கா சென்றது அந்தக் கொட்டை. ஸ்பானியர் கப்பலேறிப் பசிபிக் பெருங்கடலைக் கடந்தது. ஸ்பானியர் 1571-இல் மணிலாவைத் தம் ஆட்சிக்குத் தலைநகராக்கினர். மெக்சிகோ நாட்டின் அகாபுல்கோ துறைமுகத்துக்கும் மணிலாவுக்கும் இடையே 1565 முதல் 1815 வரை, இருநூற்றைம்பது ஆண்டுகள், கப்பல்கள் ஓடின. வெள்ளி வந்தது, பட்டுப் போயிற்று. கூடவே அமெரிக்கப் பயிர்களும் கீழைக் கடற்கரைகட்கு வந்தன. அந்த வழியின் நினைவாகத்தான் நம் உழவர் நாவிலே மணிலா தங்கிற்று. வங்காள மக்கள் இதே கொட்டையைச் ‘சீனா பாதாம்’ என்பர். பிறந்த மண்ணின் பெயரை இருவரும் சொல்லவில்லை. வழியிலே கண்ட ஊரின் பெயரைச் சொன்னார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தென்னார்க்காட்டுக் கடலை புதுவைத் துறை வழியாகப் பிரான்சு நாட்டு மார்செய் நகருக்கு எண்ணெய்க்காகவும் சவுக்காரத்துக்காகவும் சென்றது. 1879-இல் விழுப்புரத்துக்கும் புதுவைக்கும் இடையே இருப்புப் பாதை திறக்கப்பட்டது. பின்னர்த் திண்டிவனத்திலே எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தோன்றி, ‘டி.எம்.வி.’ என்ற மூன்றெழுத்தை இந்திய உழவர் பலருக்கும் பழக்கிற்று. அந்த வரிசையில் முதலாவதான டி.எம்.வி. 1, மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டுச் சாலூம் பகுதியின் பெயர் கொண்ட வித்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது. அமெரிக்காவிலே பிறந்து, ஆப்பிரிக்காவிலே வளர்ந்த வித்து, ஆசியத் தீவொன்றின் நகரப் பெயரைச் சுமந்துகொண்டு, திண்டிவனத்து முத்திரை பெற்றது! உலகப் படத்தை விரித்து வைத்துப் பிள்ளைகட்குப் பாடம் நடத்த இதைவிட நல்ல பொருள் வேண்டுமா? ஆனால் நம் பள்ளிகளிலே மல்லாட்டை தின்பதற்கு, பூகோளம் உருப்போடுவதற்கு என்று ஆகிவிட்டது.

பெயர்க் குழப்பம் நமக்கு மட்டும் உரியதன்று. வான்கோழி என்று நாம் வழங்கும் பறவை அமெரிக்கக் காட்டுப் பறவை. ஆங்கிலேயர் அதற்குத் துருக்கி நாட்டின் பெயரைச் சூட்டி ‘டர்க்கி’ என்றனர். துருக்கியரோ, அது இந்தியாவிலிருந்து வந்ததென எண்ணி ‘ஹிந்தி’ என்றனர். பிரெஞ்சு மொழியிலும் அதற்கு இந்தியாவைக் குறிக்கும் பெயரே. டச்சுக்காரர் இன்னும் நுணுக்கம் காட்டி, கள்ளிக்கோட்டையின் பெயரைத் திரித்து வைத்தனர். மலாய் மக்கள் அந்த டச்சுக்காரர்களையே காரணமாக்கி ‘ஒல்லாந்தர் கோழி’ என்றனர். போர்த்துகேசியர் ‘பெரு’ என்றனர். அவர்கள் மட்டும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்கள்! கள்ளிக்கோட்டைக்காரர் எவரும் அந்தப் பறவையை அனுப்பவில்லை.

நம் தமிழிலும் இத்தகைய பெயர்கள் ஏராளம். ‘பறங்கி’ என்பது பிராங்க் என்ற ஐரோப்பிய இனப் பெயர், அரபு, பாரசீக நாவுகளில் புரண்டு வந்து சேர்ந்த வடிவம். போர்த்துகேசியனும் பறங்கி, அவன் இருந்த ஊரும் பறங்கிப்பேட்டை, அவன் கண்டத்திலே பிறவாத அமெரிக்கப் பூசணியும் பறங்கிக்காய். மெக்சிகோவின் மலரைத் துருக்கியர் கணக்கிலே எழுதித் ‘துலுக்கச் சாமந்தி’ என்றோம். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சொல் உண்டு: சீமை. சீமைத்துரை, சீமை எண்ணெய், சீமைச் சுண்ணாம்பு, சீமைக் கருவேல். துரை இங்கிலாந்துக்காரன், கருவேலோ அமெரிக்க மரம். கடலுக்கு அப்பாலுள்ள ஐந்து கண்டங்களையும் இரண்டெழுத்திலே அடக்கிவிட்ட வசதியை என்னென்பது!

இந்த மண் என்றுமே இப்படி உலகறியாமல் கிடந்ததோ என்றால், இல்லை. இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதியாகிய கிடங்கில், சங்க காலத்திலே ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் ஊர். அவனைப் பாடியது சிறுபாணாற்றுப்படை. அந்நூலிலே எயிற்பட்டினம் என்ற கடற்கரை ஊர் வருகிறது. அதனை மரக்காணம் என்பர் ஆய்வாளர் பலர். அலை கொண்டுவந்து ஒதுக்கிய மணமுள்ள மரக்கட்டைகளைப் பார்த்த புலவர் நத்தத்தனாருக்கு, ஒட்டகங்கள் படுத்துறங்குவது நினைவுக்கு வருகிறது. நெய்தல் நிலத்திலே நின்றுகொண்டு பாலைவன விலங்கு உறங்கும் கோலத்தை உவமையாக்குகிறார் என்றால், அவர் அதைக் கண்டிருக்க வேண்டும், அல்லது கண்டவர் வாய்க் கேட்டிருக்க வேண்டும். கிரேக்க மொழியிலே எழுதப்பட்ட ‘எரித்திரையக் கடல் பெரிப்புளூசு’ என்ற முதல் நூற்றாண்டு வணிகர் கையேடு, கமரா, பொதுகே, சோபத்மா எனச் சோழமண்டலக் கரைத் துறைகள் மூன்றைக் குறிக்கிறது. சோபத்மாவை மரக்காணத்தோடும், பொதுகேயைப் புதுவையை அடுத்த அரிக்கமேட்டோடும் பொருத்துவர். 1945-இல் வீலர் அரிக்கமேட்டை அகழ்ந்தபோது இத்தாலி நாட்டு மட்கலங்களும் மதுச்சாடிகளும் கிடைத்தன. கிரேக்க மாலுமிக்கு நம் கரை தெரிந்திருந்தது. நம் புலவருக்கு ஒட்டகம் தெரிந்திருந்தது.

ஆனால் இதைச் சொல்லி மார் தட்டிக்கொள்வதிலே பயனில்லை. அந்த அறிவு துறைமுகத்து வணிகர்க்கும் புலவர்க்கும் இருந்திருக்கலாம். உள்நாட்டில் ஏர் பிடித்தவனுக்கு எவ்வளவு இருந்தது என்று எவரும் எழுதி வைக்கவில்லை. பின்னாளில் அவனுக்குக் கிடைத்த உலகப் படம் எது என்பது மட்டும் நமக்கு நன்கு தெரியும். அது புராணப் படம். நடுவிலே மேரு மலை, சுற்றிலும் சம்புத் தீவு, அதனைச் சுற்றி உப்புக் கடல், அதற்கப்பால் கருப்பஞ்சாற்றுக் கடல், பிறகு கள், நெய், தயிர், பால், நன்னீர் என ஏழு கடல்கள். கூத்திலும் கேட்டான், கதா காலட்சேபத்திலும் கேட்டான். எழுதப் படிக்கும் உரிமையே மறுக்கப்பட்டவனுக்கு வேறு எந்தப் படம் கிடைக்கும்? மரக்காணத்து உப்பளத்திலே கால் வெடிக்க உழைத்தவனுக்கு ஏழில் முதற் கடல் மட்டும் ஐயமறத் தெரியும். மற்ற ஆறையும் சொன்னவர்கள் அதிலே ஒரு குடம் மொண்டு வந்து காட்டவில்லை.

இந்தப் படத்தை வைத்துக்கொண்டுதான் அவன் கப்பலேறினான்.

பிரித்தானியப் பேரரசிலே அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1834-இல் நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியேற்றங்களிலே 1848-இல் அம்முறை ஒழிந்தது. அடிமைகள் விடுதலையானதும் கரும்புத் தோட்ட முதலாளிகட்கு ஆள் வேண்டியிருந்தது. மொரீசியசுத் தீவுக்கு 1834 முதலே இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றனர். புதுவை, காரைக்கால் துறைகளிலிருந்து பிரெஞ்சுக்காரரின் ரியூனியன் தீவுக்குப் பல்லாயிரம் பேர் ஏற்றப்பட்டனர். ‘ஒரேலி’ என்ற கப்பல் 1853-இல் மார்த்தினிக் தீவுக்கும், 1854-இல் குவாதலூப் தீவுக்கும் முதல் தமிழ்க் கூலிகளைக் கொண்டு சேர்த்தது. அவை இந்துமாக்கடலிலே இல்லை. ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு, அட்லாண்டிக்கைக் கடந்து, ஏறத்தாழ மூன்று மாதம் பாய்க்கப்பலிலே போய்ச் சேரவேண்டிய கரிபியன் தீவுகள். 1860-இல் ‘துரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குச் சென்றது. 1911 வரை நேட்டாலுக்கு மட்டும் ஒன்றரை இலட்சம் பேருக்கு மேல் சென்றனர். அவர்களிலே பெரும் பகுதியினர் சென்னைத் துறையிலே ஏறியவர்கள். வட ஆர்க்காடும் தென்னார்க்காடும் அவர்களைத் தந்த மாவட்டங்களில் முன் நின்றன.

புதுவையின் பிரெஞ்சு எல்லை விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துச் சிற்றூர்களோடு பின்னிக் கிடந்தது. ஒரு வயல் ஆங்கிலேயன் மண்ணிலே, அடுத்த வயல் பிரெஞ்சுக்காரன் மண்ணிலே. ஆள் பிடிக்கும் மேஸ்திரிக்கு அதைவிட வசதியான நிலம் வேறெங்கே கிடைக்கும்? ஆசை காட்டியும், பொய் சொல்லியும், சில வேளை அச்சுறுத்தியும் ஆள் சேர்த்ததை அந்நாளைய அரசாங்க ஏடுகளே ஒப்புக்கொள்கின்றன. ஒப்பந்தம் ஐந்தாண்டு, அது எழுதப்பட்டதோ ஏழைக்குப் புரியாத மொழியிலே. 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் தாக்கியபோது பொய் சொல்ல வேண்டிய தேவைகூட மேஸ்திரிக்குக் குறைந்தது, பசியே பேசியது. மூன்று நாள் பயணம் என்றாலும் மூன்று மாதப் பயணம் என்றாலும் வேறுபாடு காணும் அளவுகோல் அவர்களிடம் இல்லை. ரியூனியனுக்கும் குவாதலூப்புக்கும் இடையிலே ஒரு கண்டமும் ஒரு பெருங்கடலும் கிடப்பதை எந்த மேஸ்திரி படம் வரைந்து காட்டப் போகிறான்? உப்புக் கடலைத் தாண்டினால் கருப்பஞ்சாற்றுக் கடல் என்று கேட்டு வளர்ந்தவர்கள், தாண்டிப் போய்ச் சேர்ந்த இடத்திலே கண்டது கரும்புக் காடு.

அங்கே அவர்கட்கு ஒரு பெயர் காத்திருந்தது. ரியூனியன் தீவிலே தமிழர் வழித்தோன்றல்களை இன்றும் ‘மல்பார்’ என்றே வழங்குகின்றனர். மலபார் எங்கே, மரக்காணம் எங்கே? ஒன்று மேலைக் கடற்கரை, மற்றொன்று கீழைக் கடற்கரை. ஏறியது புதுவையிலும் காரைக்காலிலும், பெயரோ மலபார்!

இது தோட்ட முதலாளியின் கண்டுபிடிப்பன்று. மிகப் பழைய தவறு. 1498-இல் கள்ளிக்கோட்டைப் பக்கம் வந்திறங்கிய போர்த்துகேசியர், தாம் முதலிற் கண்ட நாட்டின் பெயரை, பின்னர்க் கண்ட கீழைக் கரை மக்களுக்கும் மொழிக்கும் நீட்டினர். 1578-இல் கொல்லத்திலே அச்சான ‘தம்பிரான் வணக்கம்’, தமிழெழுத்திலே வந்த அச்சு நூல். அதன் போர்த்துகேசியத் தலைப்பிலே மலபாரும் தமிழும் ஒருங்கே நிற்கின்றன. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு தமிழை முறையாகக் கற்று, 1716-இல் இலத்தீனிலே தமிழிலக்கணம் வெளியிட்டார். ஆயினும் ஐரோப்பியர் நாவிலே மலபார் மொழி என்பதே நீடித்தது. 1779-இல் சென்னை வேப்பேரியில் அச்சான பாப்ரிசியசின் அகராதி கூட மலபார் அகராதி என்ற பெயரோடுதான் வந்தது. ஐரோப்பியர் அப்படி வழங்குவது தமிழைத்தான் என்று அதன் முகப்பிலேயே விளக்கம் சொல்ல நேர்ந்தது. தமிழரோடு வாழ்நாளெல்லாம் பழகியவர் அவர். அவராலும் வழக்கை மீற முடியவில்லை. 1707-இல் டச்சுக்காரர் தொகுத்த யாழ்ப்பாணத்துத் தேசவழமை, அங்குள்ள தமிழரை மலபார் குடிகள் என்றே குறித்தது. அறிஞன் செய்த பிழை திருத்தப்படும். அதிகாரி செய்த பிழை சட்டமாகும்.

மலேயாவிலே தமிழனுக்குக் கிடைத்த பெயர் ‘கிளிங்’. கலிங்கத்திலிருந்து வந்தது என்பர் அச்சொல்லை. வசைச் சொல்லாகவே அது பின்னர் மாறிற்று. ரியூனியனிலே குசராத்தி முசுலிம் வணிகர்க்கு ‘அரபியர்’ என்று பெயர். வட இந்தியாவிலே தமிழர், தெலுங்கர், கன்னடர், மலையாளி நால்வரும் ‘மதராசி’. சென்னை மாகாணம் சிதைந்து மொழிவழி மாநிலங்கள் 1956-இல் அமைந்த பிறகும் அந்தச் சொல் சாகவில்லை. கரிபியன் தீவுகளிலே தமிழர் கொண்டுசென்ற குழம்புக்கு ‘கொலம்போ’ என்று பெயர். குழம்பு என்ற சொல்லே கொழும்பு நகரின் பெயராகக் கேட்கப்பட்டது என்பார் உளர். நல்ல வேளை, சுவை மாறவில்லை.

பெயரோடு போயிருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். குவாதலூப் தீவிலே 1863-இல் பிறந்தவர் ஹென்றி சிதம்பரம். தென்னார்க்காட்டு ஊரொன்றின் பெயரே அவர் குடும்பப் பெயர். பிரெஞ்சு மண்ணிலே பிறந்து, பிரெஞ்சுப் பள்ளியிலே படித்து, பிரெஞ்சிலே எழுதியவர். ஆயினும் 1904-இல், இந்தியக் கூலிகளின் மக்கட்கு வாக்குரிமை உண்டா, அவர்கள் பிரெஞ்சுக் குடிகள்தாமா என்ற வழக்கு எழுந்தது. அவர்களுடைய பெற்றோர் ஆங்கிலேயன் மண்ணிலே பிறந்தவர்கள். பிரெஞ்சுக்காரன் துறையிலே ஏறியவர்கள். எந்த நாட்டார் என்று கேட்டால் அந்தப் பெற்றோர் என்ன விடை சொல்லியிருப்பர்? ஊர்ப் பெயரைச் சொல்லியிருப்பர். நாடு என்ற ஒன்றை அவர்கட்கு எவன் கற்பித்தான்? சிதம்பரம் விடவில்லை. ஏறத்தாழ இருபதாண்டு வாதாடி, 1923-இல் தம் மக்களின் குடியுரிமையை நிலைநாட்டினார்.

நம்மவருடைய அறியாமையும் குறைந்ததன்று. 1816-இல் எல்லிசு துரை தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று காட்டினார்; 1856-இல் கால்டுவெல் ஒப்பிலக்கணம் வந்தது. இவ்வளவுக்குப் பிறகும், திராவிட மொழிகள் யாவை என்று மேடையிலே முழங்குவோரைக் கேட்டால் நான்கு விரலோடு நின்றுவிடுகிறார்கள். இருபதுக்கு மேற்பட்டவை அம்மொழிகள். நடு இந்தியாவிலே கோண்டி மொழியைப் பேசுவோர் 2011 கணக்கின்படி ஏறத்தாழ முப்பது இலட்சம். பாகிஸ்தானத்தின் பலுச்சிப் பகுதியிலே பிராகுவி. அவ்வளவு தொலைவு போவானேன், நம் நீலகிரியிலேயே தோடர் மொழியும் கோத்தர் மொழியும் இருக்கின்றன. வடக்கே இருப்பவன் நம் நால்வரையும் ஒரே பெயரால் அழைக்கிறான் என்று சினக்கும் நாம், தோடர் பேசுவது ஏதோ தமிழின் கொச்சை என்று எண்ணுகிறோம்.

இதற்கு எதிர்ப்புறத்திலே இந்தி தேசிய மொழி என்ற கதை. படித்தவர், பள்ளி ஆசிரியர், செய்தி ஏடு நடத்துவோர் எனப் பலரும் ஐயமின்றி ஒப்பிக்கும் பாடம் இது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 343-ஆம் பிரிவு, நாகரி எழுத்திலுள்ள இந்தியை ஒன்றிய அரசின் ஆட்சி மொழி என்கிறது. தேசிய மொழி என்று எந்தப் பிரிவும் எதையும் கூறவில்லை. எட்டாவது அட்டவணையிலே 22 மொழிகள் இருக்கின்றன. 2010-இல் குசராத்து உயர்நீதிமன்றமே, இந்தியைத் தேசிய மொழியாக அறிவித்த சான்று எதுவும் இல்லை என்று சொல்லவேண்டி வந்தது. மலபார் என்ற பெயரைப் போலத்தான் இதுவும்: பலர் பலகாலம் சொன்னதால் உண்மைபோல் நடமாடுகிறது.

மொரீசியசு நாட்டிலே 1998-இல் நடந்ததை இங்கே சொல்லவேண்டும். அந்நாட்டுப் பணத்தாளிலே ஆங்கிலம், தமிழ், இந்தி என்ற வரிசையிலே எழுத்துக்கள் இருந்து வந்தன. அவ்வாண்டு வெளியான புதிய தாள்களிலே தமிழ் பின்னுக்குத் தள்ளப்பட்டது. அத்தீவின் மக்கள்தொகையிலே தமிழர் மிகச் சிறு பகுதியினர். அன்றாடப் பேச்சும் அவர்கட்குக் கிரியோல் மொழியே. எனினும் கொதித்தெழுந்தனர். அரசு அத்தாள்களைத் திரும்பப் பெற்று, 1999-இல் பழைய வரிசைப்படியே மீண்டும் அச்சிட்டது. எங்கே போகிறோம் என்று தெரியாமல் ஏற்றப்பட்டவர்களின் கொள்ளுப் பேரர்கள், தம் எழுத்து எந்த வரியிலே நிற்கவேண்டும் என்பதைத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

அந்தப் பணத்தாளிலே தமிழ் எழுத்து மட்டுமன்று, தமிழ் எண்களும் அச்சாகியிருக்கின்றன. விழுப்புரத்துக் கடைத்தெருவிலே அதை நீட்டினால், கடைக்காரர் எழுத்தைப் படித்துவிடுவார். எண்ணைப் படிக்க அவருக்கும் தெரியாது, பெரும்பாலும் நமக்கும் தெரியாது. எந்த நாட்டுத் தாள் இது என்று இப்புறமும் அப்புறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, மல்லாட்டைக்கு நம் ஊர்க் காசு கேட்பார்.